துப்பறியும் பொம்பளையின் கோட்டு

எனக்கு எழுபத்தொரு வயசு. பெத்தது மூணு, செத்துப்போன தங்கச்சி பிள்ளைங்க ரெண்டு, ஆக வளர்த்தது அஞ்சு. அஞ்சும் என் தையல் மிஷின் சத்தத்துலதான் தூங்கி வளர்ந்துச்சு. என் படிப்பு மூணாங்கிளாஸ். உயரம், தோள், இடுப்புன்னு அளவு நோட்டுல எழுதிப் பழகின கை. மத்த எழுத்து மெதுவாத்தான் வரும். வரட்டும், எனக்கு என்ன அவசரம்?

ராஜகீழ்ப்பாக்கத்துல நாற்பது வருஷமா நான் லேடீஸ் டெய்லர். ஒருத்தர் துணியைக்கூட கெடுத்ததில்லைன்னு பெருமையா சொல்லிக்குவேன். கெடுக்க இருந்த ஒரு துணியைப் பத்தித்தான் இதை எழுதறேன். புதுசா மிஷின்ல உட்காரப் போற பொண்ணுங்க தெரிஞ்சுக்கட்டும்.

1. படம்

கடையில என்னோட வேலை செய்யறவ நூர்ஜஹான். ஹெம்மிங், ஹூக்கு, காஜா எல்லாம் அவ பொறுப்பு. காஜான்னா பட்டன் ஓட்டை. போன வருஷம் அவ போன்ல ஒரு வெளிநாட்டுத் தொடர் கிடைச்சுது. நூல் டப்பா மேல சாய்ச்சு வச்சு ஓடவிட்டா.

ஏதோ குளிர் தேசம். எப்பவும் மழை பெஞ்சு ரோடு மினுமினுன்னு கிடக்கும். ஐம்பது வயசுல ஒரு போலீஸ் பொம்பளை. கொலை நடந்த வீட்டுக்கு வருவா, யாரோடவும் பேசாம சுத்திச் சுத்திப் பார்ப்பா, ஒரு காபி குடிப்பா, கண்டுபிடிச்சிடுவா.

"இன்னா பாஷைக்கா இது?"

"யாருக்குத் தெரியும்? துணியைப் பாருடி."

நம்ம சீரியல்ல ஒருத்தி அழ ஆரம்பிச்சா ஒரு வாரம் அழுவா. இவ அழறதே இல்லை. அந்த ஊர் வீடும், விளக்கும், நாற்காலியும் பார்க்கப் பார்க்கக் கண்ணுக்குக் குளிர்ச்சி. நூர்ஜஹான் சொல்லுவா, "செத்தா இந்த மாதிரி வூட்லதான்க்கா சாவணும்."

பாஷை தெரியாமலே நான் ரெண்டு கொலைகாரனைப் பிடிச்சிருக்கேன். ஒருத்தன் பேண்ட் அடியை அவசரமா மடிச்சுத் தைச்சிருந்தான். பணக்காரன் வேஷம், பிச்சைத் தையல். "இவன்தான்டி"ன்னேன். அவனேதான்.

ஆனா எங்களைக் கட்டிப் போட்டது அந்தப் பொம்பளையோட கோட்டு. முழங்காலுக்குக் கீழ வரும். செங்கல் கலர். பட்டன் நேரா இறங்காது. ஒரு தோள்லேர்ந்து எதிர்ப்பக்க இடுப்புக்குச் சாய்வா இறங்கும். அவ நடந்தா கோட்டு பின்னாலயே அலையும். நல்ல வெட்டு இருந்தாத்தான் அப்படி அலையும்.

2. துணி

பியூலா டீச்சர் மாடம்பாக்கத்துல இருக்காங்க. ரிடையர் ஆனவங்க, என் பழைய கஸ்டமர். அவங்களும் வீட்டு டிவியில அதே தொடரைப் பார்க்கறவங்க. ஒரு திங்கட்கிழமை பையோட வந்தாங்க.

"சரோஜாம்மா, அந்தக் கோட்டு தைச்சுத் தர முடியுமா?"

"எந்தக் கோட்டு டீச்சர்?"

"நம்ம கோட்டுதான்."

நூர்ஜஹான் வாய்விட்டுச் சிரிச்சா. "டீச்சர், இந்த வெயில்ல கோட்டா? வெந்து பூடுவீங்க."

டீச்சர் பொண்ணு வெளிநாட்டுல படிச்சு முடிச்சுப் பட்டம் வாங்குது. டீச்சருக்கு வெள்ளிக்கிழமை ஃப்ளைட். கம்பளித் துணி மூணரை மீட்டர், பொண்ணே யார்கிட்டயோ கொடுத்தனுப்பியிருக்கு. அதே செங்கல் கலர். நல்ல பக்கம் பளபளன்னு, உள் பக்கம் மங்கலா இருந்துச்சு.

"குரோம்பேட்டையில ரெண்டு கடையில கேட்டேன். இந்தக் கட்டிங் இங்க வராது, ரெடிமேடா வாங்கிக்கோங்கன்னுட்டாங்க. ஆயுசு பூரா காட்டன் புடவையிலயே கிளாஸ் எடுத்துட்டேன். என் பொண்ணு மேடை ஏறும்போது ஒரே ஒரு தடவை அந்தக் கோட்டுல நான் உட்கார்ந்திருக்கணும்."

வராதுன்னு சொன்னாங்கன்னதும் எனக்கு ரோஷம் வந்துடுச்சு. "துணியை வச்சுட்டுப் போங்க டீச்சர்."

போன்ல படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். பேப்பர்ல வரைஞ்சேன். காய்ஞ்ச சோப்புத் துண்டால துணியில கோடு போட்டு, செவ்வாய்க்கிழமை வெட்டிட்டேன். முன்பக்கத்துல ஒண்ணு பெரிசு, ஒண்ணு சின்னது. மிச்சம் கை அகலத் துணிகூட இல்லை.

3. பட்டன் பக்கம்

புதன்கிழமை, உருவி எடுக்கற மாதிரி பெரிய தையல் போட்டு எல்லாத்தையும் சேர்த்தேன். நூர்ஜஹான் காஜா வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தா. அப்படியே நின்னுட்டா.

"அக்கா, இது ஆம்பளை பக்கம் கீதே."

பொம்பளை உடுப்புல வலது பக்கம் மேல வரும். ஆம்பளைக்கு இடது பக்கம். தையல்காரிக்கு இது அரிச்சுவடி. எனக்கே சொல்ல வந்துட்டாளேன்னு கோபம்.

"படத்துல அப்படித்தான்டி இருக்கு. அந்த ஊர் வழக்கமா இருக்கும்."

"பொம்பளைக்கு எல்லா ஊர்லயும் ஒரே பக்கம்னு நீதானேக்கா எனக்குச் சொல்லிக் குடுத்தே?"

போனை எடுத்தேன். இந்தத் தடவை கோட்டை விட்டுட்டுப் பக்கத்துல நின்ன போலீஸ்காரனைப் பார்த்தேன். அவன் சட்டை பொம்பளை பக்கம். இன்னொருத்தனும் அப்படித்தான். தரையில கிடந்த பிணத்தோட சட்டையும் அப்படித்தான்.

"ஏண்டி, ஒரு ஊர் ஆம்பளைங்க அத்தனை பேருமா பொம்பளை சட்டை போடுவாங்க? செத்தவன்கூடவா?"

அப்பத்தான் புரிஞ்சுது. படமே கண்ணாடியில தெரியற மாதிரி இடம் வலம் மாறியிருக்கு. படம் பூரா கடை போர்டும் தெரு போர்டும்தான். எழுத்து தெரிஞ்சவங்க முதல் நாளே பிடிச்சிருப்பாங்க. எங்க ரெண்டு பேருக்கும் அந்த எழுத்து எந்தப் பக்கம் பார்த்தா என்ன?

வேற துணி இல்லை. நடுவுல ஒரு நாள்தான்.

"சொல்லாம வுட்டுடுக்கா. டீச்சருக்கு இன்னா தெரியப் போவுது?"

"டீச்சருக்குத் தெரியாது. அங்க சுத்தி உட்கார்ந்திருக்கறவங்க பிறந்ததுலேர்ந்து கோட்டு போடறவங்க. பெத்த பொண்ணு முன்னாடி அந்தம்மாவைப் பார்த்துச் சிரிக்க விடுவேனா?"

தையலை உருவினேன். துண்டுங்களை மேஜையில பரப்பிப் பார்த்துக்கிட்டே நின்னேன். பெரிய துண்டை எதுக்கோ புரட்டிப் போட்டேன். இடது பக்கம் வலது பக்கமாயிடுச்சு! எல்லாத்தையும் புரட்டினா கோட்டு பொம்பளை கோட்டு. ஆனா துணியோட உள் பக்கம் வெளியில வரும். மங்கல் பக்கம்.

அதை நானே முடிவு பண்ணக்கூடாது. டீச்சரைக் கூப்பிட்டேன். வந்தாங்க. நாற்பது வருஷத்துல நான் சொல்லாத ஒரு வார்த்தை, தொண்டை வரைக்கும் வந்து ரெண்டு தரம் திரும்பிப் போச்சு. மூணாவது தரம் சொல்லிட்டேன். "டீச்சர், நான் தப்பா வெட்டிட்டேன்."

நடந்ததைச் சொன்னேன். டீச்சர் முகம் சுண்டிப் போச்சு. போனை வாங்கிப் பார்த்தாங்க. பார்த்துட்டு ஸ்டூல்ல உட்கார்ந்து சிரிச்சாங்க பாருங்க, மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைக்கற அளவுக்கு.

"ஐயோ சரோஜாம்மா! ஒரு எழுத்துகூட நேரா இல்லையே! யாரோ திருட்டுத்தனமா நெட்ல ஏத்தியிருக்கான். மாட்டிக்கக் கூடாதுன்னு படத்தையே திருப்பிப் போட்டிருக்கான். நீங்க சட்டை பட்டனை வச்சு அவனைப் பிடிச்சிட்டீங்க!"

அப்புறம் துணியை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துட்டுப் போனாங்க. ரெண்டு பக்கமும் தடவித் தடவிப் பார்த்தாங்க.

"இந்தப் பளபளப்பு ரிசப்ஷனுக்குப் போற மாதிரி இருக்கு. உள் பக்கம்தான் அந்தம்மா கோட்டு மாதிரி அடக்கமா இருக்கு. இதையே வெளிய வச்சுத் தைங்க."

வியாழன் சாயங்காலம் முடிச்சேன். ஆவி காட்டினதும் சோப்புக் கோடு போன இடம் தெரியலை. ஃபேன் முழு வேகத்துல சுத்த, வேர்க்க வேர்க்கப் போட்டுப் பார்த்தாங்க. தோள்ல ஒரு சுருக்கம் இல்லை. அதோட விட்டாங்களா? பாக்கெட்ல கையை விட்டுக்கிட்டு, நிதானமா ரோட்டுக்கே இறங்கிட்டாங்க. ஷேர் ஆட்டோக்காரர் வண்டியை ஸ்லோ பண்ணினார்.

"அக்கா, ஊட்டியா?"

டீச்சர் நின்னு திரும்பினாங்க. அவரை மேலயும் கீழயும் ஒரு பார்வை பார்த்தாங்க. அந்த மனுஷன் கொலை பண்ணவன் மாதிரி முழிச்சுக்கிட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டார். நூர்ஜஹான் கைதட்டினா. நானும் தட்டினேன்.

பொண்ணுங்களா, வெட்டறதுக்கு முன்னாடி வெட்டப் போறதை மட்டும் பார்க்காதீங்க, பக்கத்துல நிக்கறவன் சட்டையையும் பாருங்க. கூட வேலை செய்யறவ ஒரு வார்த்தை சொன்னா ரோஷப்படாதீங்க. தப்பு உங்களோடதுன்னா காஜா வெட்டறதுக்கு முன்னாடியே வாயைத் திறங்க. வெட்டின ஓட்டை மூடாது.

அவ்வளவுதான். பேத்தி மலரு, இங்க வா. எழுதினதைச் சத்தமா படி, கேட்கிறேன். எழுத்துப் பிழை இருந்தா திருத்திக்கோ. ஆனா பாட்டியாச்சேன்னு "தப்பா வெட்டிட்டேன்"ங்கற வரியை மட்டும் முழுங்கிடாதே. அதைக் கொஞ்சம் உரக்கவே படி.