குடல் நோய் யார் பக்கத்துச் சொந்தம்?

ஒருவருக்கு வந்த குடல் நோயை அவருடைய அப்பா, அம்மா, அண்ணன், தங்கை வரைக்கும் துரத்திக்கொண்டு போவதுதான் என் வேலை. புதுச்சேரிப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில், குடல் புண்ணாகி வருஷக்கணக்கில் ஆறாமல் படுத்துகிற நோய் குடும்பத்துக்குள் எப்படி வருகிறது என்று ஆராய்ச்சி செய்கிறார்கள். நோயாளியின் வீட்டுக்குப் போய், விளக்கம் சொல்லி, சம்மதம் கேட்டு, சொந்தக்காரர்களின் எச்சிலையோ ரத்தத்தையோ வாங்கி வருவது என் பொறுப்பு. மரக்காணத்திலிருந்து கீழ்புத்துப்பட்டு வரை என் ஸ்கூட்டி போகாத தெரு இல்லை. முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று, "உங்க வீட்ல வேற யாருக்காவது ரத்தபேதி இருக்குதாங்க?" என்று கேட்டுப் பிழைப்பதைப் பற்றி, வீடு வீடாக ஏறி இறங்கும் என் போன்றவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எச்சில்

லட்சுமி அக்கா மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறவர். அவர் மகனுக்கு நோய். அம்மாவின் எச்சில் வேண்டும் என்று மதியம் அவர் வீட்டில் காத்திருந்தேன். வெயிலில் உப்பு வாரிவிட்டு வந்தவர் முதல் காரியமாகத் தண்ணீர்ச் சொம்பை எடுத்தார். நான் பதறிப்போய்த் தடுத்தேன். எச்சில் கொடுப்பதற்கு முன் கொஞ்ச நேரம் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது விதி.

குழாயைக் கையில் வாங்கிப் பார்த்தார். துப்பிப் பார்த்தார். நுரைகூட வரவில்லை. "புளியங்காயை நெனச்சுக்குங்கக்கா, ஊறும்" என்றேன். பயிற்சியில் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவர் நினைத்தார். பிறகு சொம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரத்தம் வேணும்னா எடுத்துக்கம்மா. உப்புல நின்னுட்டு வந்தவகிட்ட எச்சில் கேக்காத."

ஒரே முகம்

ரவியும் மணியும் ஒரே கருவில் உருவான இரட்டையர்கள். இருவருக்கும் ஆரோவில்லில் வேலை. ரவி தச்சுப் பட்டறையில், மணி தோட்டத்தில். ரவிக்குப் பெருங்குடல் முழுக்கப் புண். ஒரு நாளைக்கு எத்தனை முறை பட்டறையை விட்டு ஓடுவார் என்று அவருக்கே கணக்கில்லை. மணி கல்லைத் தின்றாலும் செரித்துவிடுவார்.

"உங்க ரெண்டு பேருக்கும் ஜீன் ஒண்ணுதாங்க" என்று ஆரம்பித்தேன். மணி குறுக்கிட்டார். "அப்போ எனக்கு எப்போ வரும்?" என்றார். "வராமலும் போகலாம். ஜீன் மட்டும் போதாது. சாப்பாடு, குடல்ல இருக்குற கிருமி, இன்னும் என்னென்னவோ சேரணும்" என்றேன். உடனே ரவி நிமிர்ந்தார். "நாங்க ஒரே சட்டியில சாப்பிட்டு வளர்ந்தவங்க. எனக்கு மட்டும் என்னாத்த சேர்ந்துச்சு?" அது எனக்குத் தெரியவில்லை. டாக்டருக்கும் முழுசாகத் தெரியாது என்பதை எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை. ரவி கோபித்துக்கொள்ளவில்லை. நிஜமாகவே யோசித்துவிட்டுக் கேட்டார்:

"அவனுக்கு வராம இருக்குறதுக்கும் ஜீன் காரணமில்ல, எனக்கு வந்ததுக்கும் ஜீன் மட்டும் காரணமில்லன்னா, அந்த ஜீன் உள்ள என்னதாம்மா வேலை பார்க்குது?"

ரெண்டு பக்கம்

கூனிமேட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரின் மகள் ஷாஹின். கிரோன்ஸ் என்று பெயர் சொல்லும் குடல் நோய் அவளுக்கு. எது சாப்பிட்டாலும் வலி. கல்லூரியை முடித்ததே பெரிய காரியம். நான் போனபோது அவள் உள்ளே படுத்திருந்தாள். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன்.

"எங்க பக்கம் யாருக்கும் கெடையாது" என்றார் பாய். "அப்போ எங்க பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்றீங்களா?" என்றார் அவர் மனைவி. இது ஒருவர் தலையில் கட்டுகிற விஷயமில்லை, பல ஜீன்கள் இரு பக்கமிருந்தும் சேர்ந்து வரும் என்று நான் குறுக்கே புகுந்தேன். யாரும் கேட்கவில்லை. வாப்பா, பாட்டனார் என்று பேச்சு மேலே மேலே போனது. கடைசியில் அந்த அம்மாதான் களைத்துப்போய் உட்கார்ந்தார்.

"நீங்க என் மாமன் மவன். உங்க பக்கம் எது, என் பக்கம் எது, நீங்களே பிரிச்சுக் காட்டுங்க."

ஜமீலாம்மாவின் கேள்வி

ஜமீலாம்மா அந்த பாயின் தங்கை. அவர் மகன் சாதிக் துபாயில் வேலை பார்க்கிறவன். அவனுக்குத்தான் ஷாஹினைப் பேசி முடித்திருந்தார்கள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார்.

"வேணாம்னு சொல்லிடலாம்னு இருக்கேன். பொறக்கப்போற புள்ளைக்கு இது வருமா, வராதா? ஒண்ணு சொல்லும்மா."

ஷாஹின் விஷயத்தை அவளைக் கேட்காமல் பேச முடியாது, பொதுவாக வேண்டுமானால் சொல்கிறேன் என்றேன். "பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு இருந்தா, புள்ளைக்கு வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட கூடத்தான். ஆனாலும் முக்கால்வாசிப் பேருக்கு வர்றதில்ல."

"கூடன்றே. வர்றதில்லன்றே."

"ரெண்டுமே நெஜந்தாங்க."

இந்த நோய் இருந்தால் என்னென்ன செய்யும் என்று கேட்டார். அடிக்கடி வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம், சளி, உடம்புச் சோர்வு என்று நான் வழக்கம்போல ஒப்பித்தேன். ஜமீலாம்மா எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "எனக்கு ரொம்ப வருஷமா இருக்குதும்மா. மூலம்னு நெனச்சு நாட்டு மருந்து சாப்பிட்டுட்டிருக்கேன். வீட்ல யாருக்கும் தெரியாது."

வற்புறுத்தி டாக்டரிடம் அழைத்துப் போனேன். குழாய் விட்டுப் பார்த்தார்கள். மூலம் இல்லை, பெருங்குடலில் புண். ஷாஹினுக்கு இருப்பதே இல்லை, ஆனால் அதன் பங்காளி என்றார் டாக்டர். மாத்திரையால் கட்டுப்படுத்தலாம் என்று அவர் சொன்னது ஜமீலாம்மாவின் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. பஸ் ஸ்டாப்பில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பொண்ணை வேணாம்னு சொல்ல இருந்தேன். இப்போ என் புள்ளைய அவங்க வேணாம்னுட்டா என்னம்மா பண்றது?"

ரிசல்ட்

அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜமீலாம்மா தானே நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். ஷாஹினின் அம்மா உள்ளே போய் டீ போட்டுக் கொடுத்தாராம். நிக்காஹ் நடந்தது. எனக்குப் பிரியாணி வந்தது. மாமியாரும் மருமகளும் இப்போது ஒரே நாளில் செக்கப்புக்கு வருகிறார்கள்.

சாதிக்கின் ரத்தம் எடுக்க நான் போனபோது அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டே, "ரிசல்ட் எப்போ வரும்? எனக்கு வருமா வராதான்னு அதுல தெரிஞ்சிடும்ல?" என்றான். தனித்தனியாக ரிசல்ட் கிடையாது, நிறைய பேருடைய ரத்தத்தைச் சேர்த்துவைத்துத்தான் பார்ப்பார்கள், பார்த்தாலும் 'வரலாம்' என்பதற்கு மேல் சொல்ல முடியாது என்றேன். அவன் மடித்த கையை இறக்கிவிடலாமா என்று யோசித்தான். பக்கத்தில் இருந்த ஷாஹின்தான் அவன் கையைப் பிடித்து என் பக்கம் நீட்டினாள்.

"எனக்கு மொதல்ல அல்சர்னாங்க, அப்புறம் டிபின்னாங்க, கடைசியில இதுன்னாங்க. இவருக்கு மட்டும் எடுத்ததும் ஒரே பதில் வேணுமாம்க்கா, நீங்க குத்துங்க."

குடும்பத்தில் ஒருவருக்குக் குடல் நோய் இருந்தால் மற்றவர்களுக்கு வரலாம், வராமலும் போகலாம். குழப்பம் மட்டும் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் வந்துவிடுகிறது, அதுவும் பெரும்பாலும் என் விளக்கத்தைக் கேட்ட பிறகு.