காற்றுப் புகாமல் கட்டிய மூட்டை

மூட்டை கட்டுவதில் என்னை மிஞ்ச போடியில் ஆள் இல்லை என்று இருபத்தாறு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். எங்கள் ஏலக்காய்க் கிட்டங்கியில் சலிப்பது, தரம் பிரிப்பது, கட்டுவது எல்லாம் என் பொறுப்பு. சணல் சாக்குக்குள் பாலிதீன் பை, அதற்குள் காய். பையின் கழுத்தை முறுக்கி, மடக்கி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் சாக்கைத் தைக்க வேண்டும். ஒரு பொட்டுக் காற்று உள்ளே போனாலும் காய் ஈரம் இழுத்துப் பச்சை வெளுத்துவிடும். இந்த ஒரு வித்தை எனக்குத் தெரியும். இதை வைத்துக்கொண்டு ஆப்பிரிக்காவில் இருக்கிற மலாவிக்கும் வழி காட்டலாம் என்று கிளம்பினேன்.

ஒரு தொண்டு நிறுவனம் ஐந்து பேரைத் தன்னார்வலர்களாக அனுப்பியது. ஆட்களை வைத்து வேலை வாங்கிப் பழகியவள் என்று என்னைக் குழுத் தலைவியாக்கினார்கள். அங்கே ஒரு மலைக் கிராமத்தில் மக்காச்சோளம் ஒன்றுதான் சாப்பாடு, பிள்ளைகளுக்குப் பருப்பு சேருவதில்லை. நம் மொச்சையைப் பயிரிடக் கற்றுக்கொடுப்பதுதான் திட்டம். முதல் வருடம் ஒரே ஒரு பெண்ணின் நிலத்தில் விதைத்து, அவள் விளைச்சலிலிருந்து மற்றவர்களுக்கு விதை கொடுப்பார்கள். அவளுடைய படம் என் கைப்பேசிக்கு வந்தது. நான்கு பிள்ளைகள், கணவன் இல்லை. இருக்கிற சோளக் காட்டில் பாதியை எங்களுக்காக ஒதுக்கி, உழுது போட்டுவிட்டு அதன் நடுவில் நின்றிருந்தாள். சிரிக்கவில்லை. என் மருமகள் படத்தைப் பார்த்து, "இந்தம்மா ஒங்களை நம்பிப் பாதிக் காட்ட விட்டுருக்கு அத்தை" என்றாள். பெருமையாகத்தான் இருந்தது.

விதை பக்கத்து ராசிங்காபுரத்திலிருந்து வந்தது. கொடுத்த விவசாயி என்னைவிடப் பத்து வயது இளையவர். வண்டு விழாமலிருக்க, வழக்கப்படி செம்மண் குழம்பில் புரட்டிக் காயவைத்து எடுத்த விதை, மூன்று மூட்டை. எனக்கு அதைப் பார்த்ததுமே எரிச்சல். கப்பலில் போகிற விதையில் மண் ஒட்டியிருக்கக் கூடாது என்று நிறுவனம் எழுதியிருந்தது. அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். அழுக்கான சரக்கு என் கிட்டங்கியிலிருந்து வெளியே போகக் கூடாது என்ற திமிரும் இருந்தது. மூன்று மூட்டையையும் கொட்டி, அலசிக் கழுவச் சொன்னேன். புரட்டாசி மாதம், மலைப்பக்கமிருந்து மேகம் இறங்கி நாள் முழுக்கத் தூறல். மின்விசிறிக்குக் கீழே ஒரு பகலும் மறுநாள் பாதியும் உலர்த்தினோம். லாரி சாயங்காலம் தூத்துக்குடி கிளம்ப வேண்டும்.

பாலிதீன் பையை நான் எடுக்கும்போது விவசாயி வந்து நின்றார்.

"என்னக்கா இது, ஏலக்காக்குப் போடுற பையில போடுறீங்க?"

"கடல்ல ஒன்றரை மாசம் போகணும் தம்பி. ஈரம் ஏறிரக் கூடாதுல்ல."

"ஈரம் உள்ளயேல்ல இருக்கு. ரெண்டு மூணு வெயிலு காயட்டும். வெறும் சாக்கே போதும்க்கா, வெதைக்கு மூச்சு வேணும்."

"லாரி நிக்கிது. நான் கட்டுன மூட்டை இன்னைக்கு வரைக்கும் திரும்பி வந்ததில்ல. நீங்க போயி ஒங்க சோலியப் பாருங்க."

அவர் ஒரு கை விதையை அள்ளிப் பார்த்துத் திரும்பப் போட்டுவிட்டுப் போனார். நான் முறுக்கி, மடக்கி, கட்டினேன். அத்தனை அழகாக நான் கட்டிய மூட்டைகள் குறைவு.

எங்கள் சொந்த மூட்டை முடிச்சு வேறு கூத்து. ஆளுக்கு இருபத்துமூன்று கிலோதான் விமானத்தில் அனுமதி. கிளம்புவதற்கு முந்தின நாள் ஐந்து பேரையும் பெட்டியோடு கிட்டங்கிக்கு வரச்சொல்லி, ஏலக்காய் எடை போடும் தராசில் ஏற்றினேன். கணிப்பொறி வேலை பார்க்கும் ஒருவர் நாலு கிலோ ஊறுகாய் வைத்திருந்தார். மூன்று தடவை பிரித்து மூன்று தடவை அடுக்கவைத்தேன். என் கணவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "இவுக தச்ச வேகத்துல ஆளையும் சேத்துத் தச்சுறப் போறாக, பாத்துக்கங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். போடியில் ரயிலேறிச் சென்னை, அங்கிருந்து இரண்டு விமானம், பிறகு ஒரு பகல் முழுக்கப் பிக்கப் வண்டி. மலை ஏறும்போது எங்கள் ஊர் முந்தல் மலை ரோட்டில் போகிற மாதிரியே இருந்தது. கிராமத்தில் நான் இறங்கியதும் அந்தப் பெண் வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டாள். "அமாயி" என்று கூப்பிட்டாள். அம்மா என்று அர்த்தமாம், எங்களுக்கு மொழிபெயர்க்க வந்திருந்த உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் சொன்னார்.

மூட்டைகள் எங்களுக்கு நாலு நாள் முன்பே வந்து, பள்ளிக்கூட அறையில் இருந்தன. மறுநாள் காலையில் முதல் மூட்டையின் தையலை நானே பிரித்தேன். கயிற்றை அவிழ்த்ததும் மூக்கில் அடித்தது. புழுங்கிய வாடை. கையை முழங்கை வரை விட்டேன். உள்ளே வெதுவெதுவென்று இருந்தது. பையின் உட்புறம் முத்து முத்தாகத் தண்ணீர்.

அந்த நிமிடமே எனக்குத் தெரிந்துவிட்டது. இருபத்தாறு வருடம் மூட்டைக்குள் மூக்கை விட்டே காய் எப்படி என்று சொன்னவளுக்குத் தெரியாமல் இருக்குமா? விதை செத்துவிட்டது. மற்ற நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பெண்ணும் பார்த்தாள்.

"பயண வாடைதான். காத்தாடப் போட்டாச் சரியாயிரும்" என்றேன்.

பாயில் கொட்டி, பூஞ்சை பிடித்ததைப் பொறுக்கினோம். அவள் கை எங்கள் கிட்டங்கிப் பெண்களின் கையைவிட வேகம். பளபளவென்று இருந்ததை மட்டும் தேர்ந்து எடுத்தாள். முதல் மழை பெய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. பக்கத்துக் காடுகளில் சோளம் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். அவள் வீட்டிலும் சோள விதை இருந்தது. நான் அப்போது வாயைத் திறந்து ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பாதியிலும் அவள் சோளமே ஊன்றியிருப்பாள். சொல்லவில்லை. ஒன்றிரண்டாவது முளைக்கும் என்று நினைத்தேன் என்று பிற்பாடு எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அப்படி நினைக்கவில்லை. தலைவி என்று மேடையில் மாலை போட்டு அனுப்பியிருந்தார்கள். அது ஒன்றுதான் மண்டைக்குள் இருந்தது.

குழிக்கு இரண்டு விதை. நாலு பிள்ளைகளும் கூட நின்று போட்டார்கள்.

எட்டாம் நாள் சுற்றிலும் சோளம் விரல் உயரம் வந்துவிட்டது. அவள் ஒதுக்கிய பாதிக் காடு வெறும் செம்மண்ணாகக் கிடந்தது. ஆசிரியர் மூலம் கேட்டாள். மொச்சைக்குத் தோல் கெட்டி, இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன். அது இரண்டாவது பொய், முதலாவதைவிடச் சுலபமாக வந்தது. அந்த வாரம் நல்ல மழை. நல்ல மழையை நான் வெறுத்தது வாழ்க்கையில் அந்த ஏழு நாள்தான்.

பதினைந்தாம் நாள் அவளே ஒரு குழியைத் தோண்டினாள். அடுத்து இன்னொன்று. கொழகொழவென்று கையில் ஒட்டியதை என்னிடம் காட்டாமல் துணியில் துடைத்துக்கொண்டாள். இனிமேல் சோளம் போட்டால் கதிர் பிடிப்பதற்குள் மழை நின்றுவிடும் என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். அவள் என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கேள்வி கேட்டாள். ஆசிரியர் என் பக்கம் திரும்பினார்.

"விதை கெட்டுவிட்டது என்று உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்கிறாள்."

"இன்றைக்குத்தான்" என்றேன்.

அவர் என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு அப்படியே சொன்னார். அவள் தலையை ஆட்டினாள். பிறகு எழுந்து, என் கையையும் பிடித்து எழுப்பிவிட்டாள். "அப்படியென்றால் யார் மேலும் தப்பில்லை, அமாயி வருத்தப்படக் கூடாது என்கிறாள்" என்றார் ஆசிரியர்.

நான் ஊர் திரும்பி ஒரு வருடமாகப் போகிறது. கார்த்திகை பிறந்துவிட்டது. பாதிக் காட்டுச் சோளம் அடுத்த மழைக்காலம் வரை தாங்காது, ஆறேழு மாதத்தில் தீர்ந்துவிடும் என்று கிளம்பும்போதே ஆசிரியர் சொல்லியிருந்தார். அறுவடை முடிந்து இப்போது ஏழு மாதம். இன்று காலையில் அவரிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அவள் இந்த வருடமும் பாதிக் காட்டை உழுது ஒதுக்கி வைத்திருக்கிறாளாம். அமாயி எப்போது வருவாள் என்று கேட்கிறாளாம்.