கைதட்டலில் போன வாக்கியம்

போன வாரம் அஸ்தம்பட்டியில் ஒரு காது டாக்டரிடம் போயிருந்தேன். நானாகப் போகவில்லை, மகன் கூட்டிக்கொண்டு போனான். பஞ்சு வைத்து அடைத்த ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, இரண்டு காதிலும் கிண்ணம் மாதிரி எதையோ மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். நான் நாணயமாகத்தான் அழுத்தினேன். வெளியே வந்ததும் அங்கிருந்த பெண் காகிதத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஏனுங்கய்யா, நான் சத்தம் வெக்காத எடத்துலயெல்லாம் அமுத்தி வெச்சிருக்கீங்களே, என்னதான் கேட்டுச்சு?"

"கூட்டம்" என்றேன். வரவேற்பறையில் இருந்த கூட்டத்தைச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பாள்.

எனக்குக் கேட்டது பொதுக்கூட்டம். நாற்பது வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அமைதியான இடத்தில் உட்கார வைத்தால் போதும், யாராவது ஒருவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு 'தோழர்களே' என்றோ 'மகாஜனங்களே' என்றோ ஆரம்பித்துவிடுகிறார். வலது கை விரல்கள் தாமாகவே பென்சில் பிடிக்கிற மாதிரி கூடிவிடுகின்றன. இதை நான் வெளியே அதிகம் சொன்னதில்லை. என் பழைய உத்தியோகம் சொல்லிக்கொள்கிற மாதிரியானது அல்ல.

யுத்தம் வருவதற்கு முன்பு, மீசை சரியாக முளைத்து முடிக்காத வயதில், சேலத்தில் தமிழ்ச் சுருக்கெழுத்துப் பரீட்சை தேறினேன். அந்தப் படிப்புக்கு அன்றைக்கு ஒரே ஒரு முதலாளிதான், போலீஸ் இலாகா. ஜில்லாவில் எங்கே அரசியல் கூட்டம் நடந்தாலும் போய், மேடைக்குக் கீழே ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து, பேசுகிறவர் சொல்வதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு வர வேண்டும். ராஜத்துரோகமாக ஏதாவது இருந்தால் அதை வைத்து வழக்குப் போடுவார்கள். நான் சர்க்காரின் காது. அரசாங்கத்துக்கு எத்தனையோ காது இருந்தது. இந்த ஜில்லாவுக்கு வாய்த்தது நான்.

மரியாதை எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? பனமரத்துப்பட்டியில் என் மேஜைக்கு அடியில் செருப்பைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஜேடர்பாளையத்தில் பேசியவர் ஒருவர், "நம்ம சி.ஐ.டி. தம்பிக்குக் கை வலிக்குது, ரெண்டு நிமிஷம் சும்மா இருப்போம்" என்று சொல்லி நிஜமாகவே சும்மா நின்றார். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்ய?

அந்த வேலையில் ஒரு வினோதம் இருந்தது. ஊரில் ஒவ்வொருவரும் அவரவர் கட்சிக் கூட்டத்துக்குத்தான் போவார்கள். எல்லாக் கட்சிக் கூட்டத்துக்கும் போய், முதல் வார்த்தையிலிருந்து கடைசி வார்த்தை வரை உட்கார்ந்து கேட்டவன் நான் ஒருவன்தான். திங்கட்கிழமை கதர்க்காரர் பேசினால் வெள்ளைக்காரன் நாளைக்கே போக வேண்டும் என்று எனக்கும் தோன்றும். வியாழக்கிழமை சுயமரியாதை பேசுகிறவர், "அவன் போனதுக்கப்புறம் உன் தலைமேல உக்காரப் போறது யாரு?" என்று கேட்பார். அதுவும் சரிதானே என்றிருக்கும். சனிக்கிழமை செங்கொடிக்காரர் வந்து இரண்டையும் கவிழ்த்துவிடுவார். நான் தங்கியிருந்தது அக்கா வீட்டில். சோறு போடும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னிக்குச் செங்கொடியாடா?" என்பாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

குமாரபாளையம் போனால் மட்டும் எனக்கு நாற்காலி கிடைக்கும், குடிக்கத் தண்ணீர் கிடைக்கும். இரண்டையும் கொண்டுவந்து வைப்பவர் கந்தப்பன்.

கந்தப்பன் கைத்தறி நெசவாளி. நாற்பது வயதிருக்கும். எந்தக் கட்சியிலும் இல்லாதவர். ஆனால் அந்த ஊர்த் திடலில் கூட்டம் என்றால் பெஞ்சு கேட்பது, விளக்குக்கு ஏற்பாடு செய்வது, தண்டோரா போடுவது எல்லாம் அவர்தான். கதர்க்காரர் கேட்டாலும் செய்வார், கறுப்புத் துண்டுக்காரர் கேட்டாலும் செய்வார், யுத்த நிதிக்காக வந்த சர்க்கார் பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் செய்தார். முதல் தடவை எனக்குத் தண்ணீர்ச் சொம்பை நீட்டியபோது, "சர்க்கார் காதா இருந்தாலும் தொண்டை நம்முளுதுதானுங்களே, குடிங்க" என்றார்.

அவர் மேடைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. முன்னால் பேசியவரை மறுத்துப் பேச வேண்டுமானால், அவர் சொன்னதை முதலில் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஆமாம், நான் சொன்னது அதுதான்' என்று அவர் தலையாட்டிய பிறகுதான் மறுக்கலாம். கேட்பதற்குச் சின்ன விஷயம். செய்து பாருங்கள், தெரியும். பெரிய பெரிய பேச்சாளர்கள் அங்கே வந்து திணறியதை என் கண்ணால் பார்த்தேன். ஒரு தடவை கதர்க்காரருக்கும் செங்கொடிக்காரருக்கும், 'நீ அப்படிச் சொன்னாய்', 'நான் சொல்லவே இல்லை' என்று தகராறு முற்றிவிட்டது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். கந்தப்பன் மேடையிலிருந்து குனிந்து என்னைப் பார்த்தார்.

"ரிப்போட்டரே, உங்க நோட்டுல என்ன இருக்குதுங்க? படிங்க."

அது இலாகா விதிக்கு விரோதம். பக்கத்திலிருந்த ஏட்டு என் தொடையைக் கிள்ளினார். ஆனாலும் எழுந்து நின்று படித்தேன். எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டு கட்சிக்காரரும் என் நோட்டை ஒப்புக்கொண்டார்கள். வாழ்க்கையில் நான் கௌரவமாக நின்ற நிமிஷம் ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

இதையெல்லாம் எதற்காகச் செய்கிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டேன். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடிக்கொண்டிருந்தது. சேலம் பஸ் மூச்சுத் திணறி எங்கேயோ நின்றுவிட, நானும் அவரும் சாலையோரம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம்.

"எங்கூட்ல அண்ணந்தம்பி மூணு பேருங்க. அண்ணன் கதரு, தம்பி சுயமரியாத. ஒரே ஊட்ல பக்கத்துப் பக்கத்துத் தறி. ஒரு நா வாக்குவாதத்துல அண்ணன் இரும்பு மொன வெச்ச தறிநாடாவ எடுத்து எறிஞ்சு தம்பி நெத்தி பொளந்துருச்சு. அவன் கொழும்புக்குப் போனவந்தான், காயிதங்கூட இல்லீங்க."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"நடுத் தறியில நெய்துட்டுத்தான் இருந்தேன். எந்நேரமும் இதே சண்டைதானேன்னு காதுல வாங்கல. அன்னிக்கி அவனுக ரெண்டு பேரும் என்ன சொன்னானுகன்னு இன்னிக்கி வரைக்கும் எனக்குத் தெரியாதுங்க."

பஸ் வந்துவிட்டது.

பிறகு நாற்பத்திரண்டு ஆகஸ்டு வந்தது. தலைவர்களை ஒரே விடியலில் பிடித்துப் போட்டுவிட்டார்கள். அங்கே தந்திக் கம்பியை அறுத்தார்கள், இங்கே தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள் என்று தினம் ஒரு சேதி. குமாரபாளையத்தில் ஒரு தெருக்காரர் இன்னொரு தெருவுக்குப் போக முடியாத நிலைமை. கூட்டத்துக்கெல்லாம் தடை. கந்தப்பன் நேராக இன்ஸ்பெக்டரிடம் போய், "எல்லாக் கட்சிக்காரரையும் வெச்சு ஒரே ஒரு சமாதானக் கூட்டம் போடறனுங்க, இல்லீன்னா எங்கூர்ல கத்தி எடுத்துருவாங்க" என்று கெஞ்சி அனுமதி வாங்கினார்.

சாயங்காலக் கூட்டம். திடலில் இடமில்லை. கதர்ச்சட்டை இளைஞர் ஒருவர், தலைவர்கள் உள்ளே இருக்கும்போது சும்மா இருப்பது பாவம் என்றார். செங்கொடிக்காரர், ஜப்பான்காரன் வாசலில் நிற்கிறான், இப்போது ரயிலை நிறுத்தினால் அவனுக்குத்தான் லாபம் என்றார். சுயமரியாதைக்காரர் தன் பழைய கேள்வியைக் கேட்டார். ஒவ்வொருவரும் முந்தியவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்கள். நம்பமாட்டீர்கள், ஊரே கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில் அங்கே ஒரு கல் விழவில்லை.

கடைசியில் கந்தப்பன் எழுந்தார். அவர் பேசி நான் கேட்டது அது ஒரு தடவைதான்.

"கம்பிய அறுக்கோணும்ங்கறவனும் நம்மூட்டுப் பையந்தானுங்க. அவன் பேச்சையும் நாம கேக்கோணும்."

இளைஞர்கள் பக்கமிருந்து கைதட்டல் எழுந்தது. சாதாரணக் கைதட்டல் இல்லை, அடைமழை மாதிரி. அது அடங்குவதற்குள் அவர் மீதியைச் சொல்லி முடித்துவிட்டார். மேடைக்குக் கீழே இரண்டடி தூரத்தில் இருந்த எனக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கும். எழுதியும் கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, ஊருக்குச் சில மைல் தள்ளி ரயில் பாதையோரம் தந்திக் கம்பி அறுந்து கிடந்தது. யார் செய்தது என்று கடைசி வரை தெரியவில்லை. ஆனால் மேலிடத்துக்கு உடனே ஒரு பேர் தேவைப்பட்டது. இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு, நான் எழுதிக் கொடுத்த அறிக்கையை மேஜையில் விரித்தார். கந்தப்பனின் முதல் இரண்டு வாக்கியத்தின் மேல் விரலை வைத்தார்.

"அதுக்கப்புறம் கைதட்டல் ஜாஸ்தியாமே. ஏட்டு சொன்னாரு, அவருக்கு ஒண்ணும் கேக்கலையாம். உனக்கு மட்டும் எப்படிப்பா கேட்டுச்சு?"

நான் நோட்டைத் திறந்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன்.

"கேட்டிருக்காது. நல்லா யோசிச்சுப் பாரு. வேற எழுதிக் கொண்டா."

மிரட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. ஆனால் சங்கிலி போட்டுக்கொண்டு போகிற ஆட்களைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. வேறு காகிதத்தில் எழுதினேன். மீதி வாக்கியம் இருந்த இடத்தில் அடைப்புக்குறி போட்டுக் 'கைதட்டல்' என்று எழுதினேன்.

கந்தப்பனைப் பிடித்து வழக்குப் போட்டார்கள். அவருக்காக வக்கீல் யாரும் வரவில்லை, ஊரே பயந்து கிடந்தது. பேச்சைக் கேட்பது என்றால் சொன்னபடி செய்வது என்றுதான் தமிழில் அர்த்தம், அப்பன் பேச்சைக் கேள் என்கிறோமே என்றார் சர்க்கார் வக்கீல். சாட்சியைக் கேட்க ஏதாவது இருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் கந்தப்பனிடம் கேட்டார். அவர் முகம் தெளிந்துவிட்டது. கூண்டில் நின்ற என்னைப் பார்த்து லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார்.

"அவரு நோட்டுல எல்லாமே இருக்குமுங்க சாமி. அதப் படிக்கச் சொல்லுங்க, போதும்."

நோட்டு என் கையில் விரிந்திருந்தது. அந்த வாக்கியம் அப்படியே இருந்தது, சின்னச் சின்ன வளைவும் கோடுமாக. அதைப் படிக்கத் தெரிந்தவர் அந்தக் கோர்ட்டில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டே, "கைதட்டல்" என்று படித்தேன்.

கந்தப்பன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பி, "நோட்டுல இல்லீங்களா? அப்ப செரிங்க" என்றார்.

ஒன்றரை வருஷம் தண்டனை. எட்டாம் மாதம் சிறையில் காய்ச்சல் கண்டு இறந்துபோனார். எனக்கு அந்தச் சேதியே வெகுநாள் கழித்துத்தான் வந்தது. அதற்குள் நான் கெஞ்சிக் கூத்தாடிப் பத்திரப்பதிவு ஆபீசில் நகலெழுதும் வேலைக்கு மாறியிருந்தேன். யாரும் பேசாத ஆபீஸ்.

குமாரபாளையம் போனேன். அவர் மனைவி பாவாயி, ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருந்ததால் கோர்ட்டுக்கு வராதவர். என்னைத் தெரியாது.

"யாருங்க?"

"அவர் போடற கூட்டத்துக்கெல்லாம் வந்து கேட்டிருக்கேனுங்க."

ராட்டை நின்றது. "கடேசிக் கூட்டத்துக்குமுங்களா? அன்னிக்கி அப்பறம் என்ன சொன்னாருன்னு ஒருத்தருக்கும் தெரியலீங்கறாங்க. கம்பிய அறுக்கச் சொல்ற மனுசன் இல்லீங்க அவரு."

நான் சொன்னேன். அவர் சொன்ன மாதிரியே சொன்னேன். "கேட்டுப்போட்டு, வேண்டாஞ்சாமி, ரயில்ல போறதும் நம்ம சனந்தான்னு சொல்லோணும். நாம காது குடுக்கலீன்னா, அவன் பேச்ச உட்டுப்போட்டுக் கையத்தான் ஓங்குவான்."

"இன்னொருக்காச் சொல்லுங்க."

சொன்னேன். உதட்டை அசைத்துத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "வேண்டாஞ்சாமின்னுதான் சொல்லுவாரு. கொழந்தைகிட்டக்கூட அப்படித்தான்" என்றார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். "அந்தக் கைதட்டல்ல உங்களுக்கு மட்டும் எப்படிங்க கேட்டுச்சு? எங்க உக்காந்திருந்தீங்க?"

"மேடைக்குக் கீழே."

"எழுதறவருங்களா?"

"ஆமாங்க."

குழந்தை தூளியில் புரண்டது. பாவாயி மறுபடி ராட்டையைச் சுற்ற ஆரம்பித்தார்.

"வந்து சொன்னீங்க. செரிங்க. இனிமே வராதீங்க."

நான் போகவில்லை. சுதந்திரம் வந்த சமயத்தில் போலீஸ் ஆபீஸ் முற்றத்தில் பழைய நோட்டுகளை மூட்டை மூட்டையாகப் போட்டு எரித்ததாகச் சொன்னார்கள். என் எழுத்தும் அதில் போயிருக்கும். வெள்ளைக்காரன் போனான். கட்சிகள் பெருகின, ஒவ்வொன்றுக்கும் தனித் திடல், தனி ஒலிபெருக்கி, தனி ஜனம். முந்தியவர் பேச்சைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் இப்போது யாராலும் முடியாது, யாரும் அதைக் கேட்டிருப்பதில்லை.

இந்தச் சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காகக் குமாரபாளையம் போகவேண்டி வந்தது. திடல் இருந்த இடத்தில் கடைகள். நெசவாளர் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி, தெருவே அதிர்ந்துகொண்டிருந்தது. பாவாயியின் வீடு இதுதான் என்று ஒரு வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து ஒரு அம்மாள் பஞ்சுத் தூசியோடு வந்து, "யாரு வேணுங்க?" என்று கத்திக் கேட்டார். "கந்தப்பன்" என்றேன். கையை அசைத்து, காதைக் கிட்டே கொண்டுவந்தார். இன்னும் உரக்கச் சொன்னேன்.

"அந்தப் பேர்ல இங்க ஆருமில்லீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.