துடக்கோடு உள்ளே போன நாள்

என் தலைப்பிள்ளை பிறந்து மூன்றாம் கிழமை பால் குடிப்பதை நிறுத்திவிட்டான். 1969ஆம் ஆண்டு, வைகாசி வெயில். உள்ளே போன கொஞ்சமும் வாந்தியாகவும் வயிற்றோட்டமாகவும் போனது. கணவர் புல்மோட்டையில் கரையோரம் வாடி என்கிற கொட்டில் போட்டுத் தங்கி மீன்பிடித்துக்கொண்டிருந்தார். சொல்லியனுப்பியும் வந்து சேரவில்லை. ஊர்ப் பரியாரியாரின் நாட்டு மருந்தும் கேட்கவில்லை. நான் எதற்கும் பயப்படுகிறவள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் பிள்ளையை உயிரோடு திருப்பித் தரமாட்டார்கள் என்று நானே ஒரு கதை கட்டி, அதை நம்பி அழுதுகொண்டிருந்தேன்.

பக்கத்து வளவு றோசி அக்கா தேவாலயத்தில் பாட்டுப் பாடுகிறவ. "ஞாயிற்றுக்கிழமை பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வா, எல்லாருமாச் செபிப்பம்" என்று சொல்லிவிட்டு, அன்று காலை பாட்டுக்காரரோடு எனக்கு முன்னமே போய்விட்டா.

நாங்கள் திரியாயிலிருந்து வந்த சைவக் குடும்பம். பிள்ளை பெற்றவளுக்கு முப்பத்தோராம் நாள் கழியும்வரை துடக்கு, தீட்டு. கோயில் வாசலை மிதிக்கமாட்டாள். கிறிஸ்தவர்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். கேட்க வெட்கம். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எதைக் கேட்கவும் வெட்கம்தான். ஆகவே தேவாலயக் கேற்றுக்கு வெளியே, வீதியோரம் நின்றேன். உள்ளே செபிப்பது காற்றில் வந்து என் பிள்ளைமேல் படட்டும் என்று நினைத்தேன்.

வாசலில் வெள்ளை உடுப்போடு ஒரு ஐயா நின்று, "வாங்கோ, வாங்கோ" என்று ஒவ்வொருவரையும் கைகூப்பி வரவேற்றார். கடைசியில் என்னிடம் வந்தார். என் சட்டையில் பால் காய்ந்து கறையாக இருந்தது. காலில் செருப்பில்லை.

"ஆராதனை முடிஞ்சாப்பிறகுதான் சோறு குடுக்கிறது. அங்கால நிழலுக்க நில்லு."

பிச்சைக்கு வந்தவள் என்று நினைத்துவிட்டார். இல்லை என்பதற்குப் பதிலாக "ஓம் ஐயா" என்றேன். போய் நிழலில் நின்றேன். பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது. வீட்டுக்குத் திரும்பவும் பயம். பிள்ளை அழக்கூட இல்லை. அன்றுதான் முதன்முதலாகச் செபித்தேன். "ஆண்டவரே, உம்மை எனக்குத் தெரியாது. உள்ளே வா என்று ஒராளாவது சொல்லட்டும்." அவ்வளவுதான் எனக்குக் கேட்கத் தெரிந்தது.

பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே போதகரின் மனைவி வெளியே வந்தா.

"ஏன் பிள்ளை, வெளியில நிக்கிறியள்? உள்ளுக்கு வாங்கோவன்."

"ஏலாது அம்மா. துடக்கு."

அவ சிரித்துவிட்டா. "ஏழு பெத்தனான் மகள். ஏழு துடக்கோடயும் உள்ளுக்க உந்த மர வாங்கிலதான் வந்து இருந்தனான். கர்த்தர் ஒருக்காலும் எழும்பிப் போகேல்லை. தாங்கோ பிள்ளையை."

துடக்குப் பிள்ளையை வெளியார் ஒருவர் கையில் வாங்கியதை அன்றுதான் கண்டேன்.

என்னைக் கொண்டுபோய் நீள மர இருக்கையான அந்த வாங்கு ஒன்றில் இருத்தினா. பக்கத்தில் இருந்தவ ஆஸ்பத்திரியில் தாதியாக வேலைசெய்கிற மிஸ்ஸி. பிள்ளையின் வயிற்றுத் தோலை மெல்லக் கிள்ளிப் பார்த்தா. தோல் கிள்ளியபடியே நின்றது.

"எப்ப மூத்திரம் பெய்தவன்?"

"நேற்று."

பிரசங்கத்தின் நடுவிலேயே அவ எழும்பிவிட்டா. "உடம்பில தண்ணி வத்திப்போச்சு. உடன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேணும். பயப்படாதேங்கோ, நான் கூட நிப்பன்." போதகர் பிரசங்கத்தை நிறுத்தினார். சபை முழுவதும் முழங்காலில் நின்றது. முன்பின் தெரியாத என் பிள்ளைக்காக அழுதார்கள். காரை எடுக்க ஓடினவர் யார் தெரியுமோ? வாசலில் நின்ற அந்த ஐயாதான். ஆஸ்பத்திரி வாசலில், "தங்கச்சி, நான் உங்கட முகத்தைப் பாக்கேல்லை" என்றார். அவருக்கு அழுகை வந்தது. எனக்கு அவரைவிட வெட்கம்.

சேலைன் ஏற்றினார்கள். மிஸ்ஸி சொன்னபடி கூடவே நின்றா. விடியும்போது என் மகன் குரலெடுத்து அழுதான். அதைவிட இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கை நழுவியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான் கேற்றுக்கு வெளியிலேயே நின்றிருந்தால் அப்படித்தான் ஆகியிருக்கும்.

நானும் கணவரும் பிறகு ஞானஸ்நானம் பெற்றோம். இப்போது அந்தத் தேவாலய வாசலில் வரவேற்பு வேலை என்னுடையது. நன்றாகச் செய்கிறேன் என்று சொல்லமாட்டேன். யாரையாவது பார்க்காமல் விட்டுவிட்டேனோ என்று வீட்டுக்குப் போயும் யோசிப்பேன். அதனால் வாசலில் நில்லாமல் வீதிவரை போய்ப் பார்க்கிறேன். ஆண்டவர் என் பயத்தையும் ஒரு வேலைக்கு எடுத்துக்கொண்டார். அவருக்கு நன்றி.

வெளியே நின்று இதைக் கேட்கிறவர்கள் இருந்தால், ஒன்று சொல்கிறேன். வெட்கம் போகட்டும், பிறகு வருவோம் என்று இருக்காதீர்கள். எனக்கு இன்றும் போகவில்லை. வெட்கத்தோடேயே வாருங்கள்.