அம்பு ஒட்டும் வேலை

அவன் நாசமாகப் போக வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளாத கோயில் இல்லை. சோளிங்கர் மலை ஏறி நரசிம்மரிடமே நேரில் சொல்லிவிட்டு வந்தேன். கூட ஏறியவர்கள் கல்யாண வரமும் பிள்ளை வரமும் கேட்டார்கள். நான் ஒரு லைன் சூப்பர்வைசரின் சோற்றில் மண் விழ வேண்டும் என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டேன். இன்றைக்கும் அதற்காக நான் வெட்கப்படவில்லை.

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் நான் செக்கர். ஆலங்காயம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறேன். முடிந்த ஷூக்கள் ஜோடி ஜோடியாக என் மேசைக்கு வரும். தையல் பிசகியிருக்கிறதா, தோலில் சுருக்கம் விழுந்திருக்கிறதா, அடிப்பாகம் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். குறை தெரிந்தால் அந்த இடத்தைக் காட்டுகிற மாதிரி சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவேன். அம்பு ஒட்டிய ஷூ ரிவொர்க் மேசைக்குப் போகும். அங்கே பிரித்து மறுபடி ஒட்டுவார்கள். அம்பு இல்லாதது பெட்டிக்குள் போய்க் கப்பல் ஏறும். என் வேலை இவ்வளவுதான்.

என் தம்பியை அதே கம்பெனியில் சேர்த்துவிட்டதும் நான்தான். அப்பா இல்லாத வீடு. டிப்ளமா முடித்துவிட்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஒட்டும் பிரிவில் போட்டார்கள். ஷூவின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் சேர்க்கிற பசையை நாங்கள் சொல்யூஷன் என்போம். டப்பாவைத் திறந்தால் நெற்றிப்பொட்டில் அடிக்கிற மாதிரி வாசனை வரும். முதல் வாரம் தலை சுற்றும், சோறு இறங்காது. ஒரு மாதம் போனால் மூக்கு மரத்துப் போகும். அதற்குப் பிறகு உடம்பு, துணி, பஸ் சீட், சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் அது இருக்கும். இருப்பதே நமக்குத் தெரியாது.

தம்பிக்கு நல்ல கை. இடது கையால் பிரஷ்ஷைப் பிடித்து ஒரே இழுப்பில் விளிம்பு முழுக்கப் பூசுவான். பிறகு கட்டைவிரலால் மிச்சத்தை வழித்துவிடுவான். அவன் ஒட்டிய ஷூவை ஆயிரத்தில் வைத்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். ஆனால் தலைவலி தலைவலி என்று படுத்துவிடுவான். நான் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவனைக் கட்டிங் பிரிவுக்கு மாற்றினேன். அங்கே தோலை வெட்டுகிற வேலை மட்டும்தான், சொல்யூஷனே கிடையாது. பிழைத்தான் என்று நினைத்தேன்.

கட்டிங்குக்குப் போன பிறகும் வேலை முடிந்து ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் வந்தான். சூப்பர்வைசர் ஒரு உதவி கேட்டார் என்பான். நானும் பெரிய மனுஷன் நம்ம பையனை நம்பிக் கூப்பிடுகிறானே என்று பெருமைப்பட்டேன். களைத்து வருகிறான் பாவம் என்று அவன் தட்டில் மட்டும் இன்னொரு முட்டை வைத்தேன். அந்த முட்டைகளை நினைத்தால் இப்போதும் என் வயிறு எரிகிறது.

அவனிடம் ஒவ்வொன்றாக மாறியது. நாங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு கண்டுபிடித்தோம். பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்த வார்த்தையை மறந்து நிற்பான், தூக்கம் போதவில்லை என்போம். நம்ம ஸ்டாப்பில் இறங்காமல் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருப்பான், அசதி என்போம். காவேரிப்பாக்கத்திலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். பெண்ணின் அப்பா தன் மனைவி செத்துப்போன கதையைச் சொல்லிக் கண் கலங்கும்போது இவன் சிரித்துவிட்டான். நிறுத்த முடியாமல் தோள் குலுங்கச் சிரித்தான். வெளியே வந்ததும் பெண்ணின் அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாப்ள நல்லவருதாம்மா, ஆனா ஒடம்பு இன்னாவோ சரியில்ல போல இருக்குது. மொதல்ல அதப் பாருங்க" என்றாள். அவள் போன பிறகு நானும் அம்மாவும் அவளைத்தான் திட்டினோம்.

எங்கள் பக்கம் போதை என்றால் சாராயம், இல்லாவிட்டால் கஞ்சா. அதை மோப்பம் பிடிக்க எல்லா அம்மாக்களுக்கும் தெரியும். என் அம்மாவும் அவன் வாயை ஊதச்சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. எங்கள் பிள்ளை சுத்தம் என்று நிம்மதியாகத் தூங்கினோம்.

அப்புறம் எனக்கு அம்மை போட்டது. வேலைக்குப் போகவில்லை. வீட்டில் தாளிப்பதில்லை, பொரிப்பதில்லை, வேப்பிலையைத் தவிர வேறு வாசனையே கிடையாது. எட்டு நாள் அப்படிக் கிடந்ததில் வருஷக்கணக்கில் செத்துக் கிடந்த என் மூக்குக்கு உயிர் வந்துவிட்டது. ஒன்பதாம் நாள் சாயங்காலம் தம்பி வேலையிலிருந்து வந்து, எனக்கு இளநீர் கொடுக்கக் குனிந்தான். சட்டையிலிருந்து அந்த வாசனை குப்பென்று அடித்தது. வேலை வாசனை என்றுதான் முதலில் நினைத்தேன். இளநீரைப் பாதி குடித்த பிறகுதான் உறைத்தது. கட்டிங்கில் ஏது சொல்யூஷன்?

எட்டு மாதம் அந்தச் சட்டைகளை என் கையால் துவைத்திருக்கிறேன். சாராயம் குடிக்கிறவன் வீட்டில் அது குடிநாற்றம். எங்கள் வீட்டில் அது உழைப்பின் வாசனை. வேறெந்த ஊர்க்காரியாக இருந்தாலும் முதல் நாளே கேட்டிருப்பாள்.

கேட்டதற்குச் சிரித்தான். மறுநாள் அவன் பையைப் பிடுங்கிப் பார்க்கப்போன அம்மாவைத் தள்ளினான். அம்மா தண்ணீர்த் தொட்டி விளிம்பில் விழுந்து மணிக்கட்டு முறிந்தது. அடுத்த நாள் காலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "இன்னாம்மா ஆச்சு கைக்கு" என்று கேட்டான். நடிக்கவில்லை. அவனுக்கு உண்மையாகவே ஞாபகம் இல்லை. அம்மா, "வழுக்கி வுழுந்துட்டேன்டா" என்றாள். எனக்கு அந்தக் கேள்விதான் முறிந்த எலும்பைவிடப் பயமாக இருந்தது.

வேலூரில் ஒரு மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். நாலு மாதம் ஓடியது. அழுதான், சுவரில் யாரோ நடக்கிறார்கள் என்றான், மெல்ல மெல்லத் தெளிந்தான். டாக்டர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "மருந்து பாதிதாம்மா. இவரு திரும்ப அந்தப் பசை பக்கமே போகக்கூடாது. ஒரு தடவ போனாலும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அடுத்த தடவ இவ்ளோ தேறுவாரான்னு என்னால சொல்ல முடியாது." அதை நான் தாலி மாதிரி கழுத்தில் கட்டிக்கொண்டேன்.

தெளிந்த பிறகு தம்பி எல்லாவற்றையும் சொன்னான். தன் ஒட்டும் லைனில் கெட்டுப்போன ஷூக்களைச் சூப்பர்வைசர் கணக்கில் காட்டாமல் ஒளித்து வைப்பானாம். வேலை முடிந்ததும் தம்பியின் நல்ல கையை வைத்துச் சரிபண்ணிக்கொள்வானாம். அலுத்துக்கொண்டவனுக்கு, "இத்த மோந்து பாரு, பசியும் தெரியாது வலியும் தெரியாது" என்று அவனேதான் முதலில் காட்டிக்கொடுத்தானாம். கூலிக்குப் பதில் ஒரு சின்ன டப்பா. அவன் மட்டும் ஒருநாளும் அதைத் தொட்டதில்லையாம், மாஸ்க் போட்டுக்கொண்டு தள்ளி நிற்பானாம்.

மேனேஜரிடம் போனேன். அவர் அவனைக் கூப்பிட்டு என் முன்னாலேயே கேட்டார். "சார், நானா மூக்குல ஊத்துனேன்? அவனா மோந்தான், அவனா கெட்டான். ஊட்ல அக்காக்காரி ஒழுங்காப் பாத்துக்கல, எம்மேல பழி போடுறா" என்றான். சாட்சி இல்லை என்றார்கள். அவன் லைன் நல்ல லைன் என்றார்கள். தம்பியைக் கட்டிங்கை விட்டு வேறெங்கும் போடமாட்டோம் என்று மட்டும் மேனேஜர் வாக்குக் கொடுத்தார். வெளியே வந்து, ஆத்திரம் தாங்காமல், கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கை மண்ணை வாரி அவன் போன திசையில் தூற்றினேன். வாட்ச்மேன் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

மண்ணால் ஒன்றும் ஆகவில்லை. அப்போதுதான் என் கையில் இருந்த அம்பு ஞாபகம் வந்தது.

எந்தச் செக்கரும் எல்லாக் குறைக்கும் அம்பு ஒட்டமாட்டாள். மயிரிழை குறைகளைக் கண்டும் காணாமல் விடுவோம், இல்லாவிட்டால் வேலை ஓடாது. அவன் லைன் ஷூவுக்கு நான் கண்ணை மூடுவதை நிறுத்தினேன். நூல் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தால் அம்பு. விளிம்பில் பசை மினுங்கினால் அம்பு. ஒரு வாரத்தில் அவன் முகம் கறுத்தது. தம்பி இல்லாததால் ஒளித்துச் சரிபண்ண ஆளும் இல்லை. மேனேஜர் சாப்பாட்டு நேரத்தில் அத்தனை பெண்களுக்கு நடுவே, "இன்னாய்யா லைன் நடத்துற நீ" என்று அவனைக் கேட்டார். நான் ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே கேட்டேன். அன்றைக்குச் சோறு தேவாமிர்தமாக இருந்தது.

ருசி கண்ட பூனை விடுமா? குறை இல்லாத ஷூ வந்தபோது அடிப்பாகம் சேருகிற இடத்தில் கட்டைவிரல் நகத்தை விட்டு ஒரு நெம்பு நெம்பினேன். மெல்லிய வாய் திறந்தது. அம்பு ஒட்டினேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, இங்கேதான் சொல்கிறேன். பாவம் என்று அப்போது தோன்றவில்லை. அம்மாவின் மணிக்கட்டுக்கு ஒன்று, காவேரிப்பாக்கத்துப் பெண்ணுக்கு ஒன்று, சுவரில் நடந்தவர்களுக்கு ஒன்று என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நெம்பினேன்.

கப்பலுக்கு நாள் நெருங்கியது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம், ரிவொர்க்கிலிருந்து திரும்பி வந்த ஒரு ஷூவைக் கையில் எடுத்தேன். என் நகம் பட்ட இடம் அழகாக மூடியிருந்தது. ஒரே இழுப்பில் பூசிய விளிம்பு. கட்டைவிரலால் வழித்துவிட்ட தடம், இடது கைத் தடம்.

மேசையை விட்டு ஓடினேன். ரிவொர்க் மேசையில் வழக்கமாக இருக்கும் இரண்டு பெண்களோடு மூன்றாவதாக என் தம்பி உட்கார்ந்திருந்தான். முன்னால் திறந்த டப்பா. மாஸ்க் கழுத்தில் தொங்கியது. பிரித்தெடுத்த சிவப்பு அம்புகளை மேசை விளிம்பில் வரிசையாக ஒட்டி வைத்திருந்தான்.

"யார்றா ஒன்ன இங்க ஒக்கார வச்சது?"

"மேனேஜர் சார்தாங்கா. ரிவொர்க் ஜாஸ்தி ஆயிடுச்சாம், நல்ல கை வேணுமாம். திங்கக்கெழமலேர்ந்து இங்கதான் இருக்குறேன்." என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். "நீ ஒட்டுற அம்பெல்லாம் என்னாண்டதான் வருது கா."

நான்கு நாள். காலையில் என்னோடுதான் பஸ் ஏறினான், சாயங்காலம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தான். என் மூக்கு மறுபடியும் செத்துப்போய் எத்தனையோ நாளாகியிருந்தது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று அம்மா சும்மாவா சொன்னாள்.

மேனேஜர் காலில் விழாத குறை. வாக்கை ஞாபகப்படுத்தினேன். அவர் தலையைத் தடவிக்கொண்டு, "நான் இன்னாம்மா பண்றது, அம்பு அப்பிடி வருது. ரிவொர்க் கம்மியாச்சுன்னா நாளைக்கே அனுப்பிடுறேன்" என்றார். அம்பு யாருடையது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மேசைக்குத் திரும்பினேன். அவன் லைன் ஷூ வந்தது. அடிப்பாகம் உண்மையாகவே வாய் பிளந்திருந்தது, நான் நெம்பாமலே. அம்பு என் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஷூவைப் பெட்டிக்குள் அனுப்பினேன். அடுத்ததையும் அனுப்பினேன். மறுநாள் தம்பி கட்டிங்குக்குப் போனான். இரண்டு வாரம் கழித்து மறுபடி வேலூருக்கும் போனோம். டாக்டர் என்னைத் திட்டவில்லை. மொதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம் என்றார். இந்தத் தடவை தம்பிக்கு அவருடைய பெயர் ஞாபகத்தில் இல்லை.

இப்போது பக்கத்து வீட்டு அக்காவிடம் தினமும் அவன் சட்டையைக் கொடுக்கிறேன். அவள் எந்தக் கம்பெனிக்கும் போகாதவள், பீடி சுற்றுகிறவள். யாருக்கும் தெரியக்கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்ததை அவளிடம் நானே சொன்னேன். முகர்ந்து பார்த்து, "ஒண்ணும் இல்லம்மா" என்பாள். சில நாள் ஒன்றும் சொல்லாமல் சட்டையைத் திருப்பிக் கொடுப்பாள்.

மாதக் கடைசியில் ரிஜெக்ட் குறைந்த லைனுக்குக் கம்பெனியில் கைதட்டி லட்டு கொடுப்பது வழக்கம். போன மாதம் அந்தச் சூப்பர்வைசரின் லைனுக்குத்தான் கொடுத்தார்கள். அவன் தட்டோடு மேசை மேசையாக வந்தான். என் மேசைக்கும் வந்தான்.

"எடுத்துக்கம்மா. பழசெல்லாம் மனசுல வச்சிக்காத. நம்ம ரிஜெக்ட் கம்மியா இருக்கிற வரைக்கும் ஒன் தம்பியும் நிம்மதியா கட்டிங்குல இருப்பான்" என்றான். தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் எடுத்துச் சாப்பிடுகிற வரைக்கும் நின்றான். முழுசையும் தின்றேன், பூந்தி ஒன்றுகூடக் கீழே விழவில்லை. அவன் நாசமாகப் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, அவன் லைனிலிருந்து வந்த அடுத்த ஜோடியை எடுத்தேன். பசை விட்டிருந்தது. பெட்டிக்கு அனுப்பினேன்.