பம்பு குடித்த ஒயில்

இது சத்தியமாக நடந்த கதை. புகையை மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுவேன்.

சுன்னாகத்தில் எங்கள் பிழைப்பே என் சின்ன டீசல் வாடகைக் கார்தான். போர்க்காலப் பொருளாதாரத் தடை வந்து எஞ்சின் ஒயில் கிடைக்காமல் திண்டாடியபோது, வல்வெட்டித்துறை மச்சான் வெளிநாட்டுச் செயற்கை ஒயில் ஒரு டின் கொண்டுவந்தான். நான் பெரிய நிபுணன்போல விரலில் தொட்டு உருட்டிப் பார்த்தேன்.

"தண்ணி மாதிரிக் கிடக்கு. ஒயில் எண்டால் கூழ் மாதிரி இருக்கவேணும்."

"டீசல் காருக்கெண்டே செய்தது, விசரா!"

நான் கேட்கவில்லை. வெங்காயத் தோட்டத்துப் பம்புக்கென்று டின்னை மனைவி மீனாம்பிகையிடம் தள்ளிவிட்டு, பேதிக்குக் குடிக்கும் ஆமணக்கெண்ணெயைக் காருக்கு வார்த்தேன்.

முதல் சவாரியே கல்யாண மாப்பிள்ளை. எழுந்த புகையில் இரவாகிவிட்டதென்று காகங்களெல்லாம் கூட்டுக்குப் போயின. மருதனார்மடத்தில் எஞ்சின் இறுகியது. மாப்பிள்ளை பேதியெண்ணெய் மணத்தோடு நடந்துபோய்த் தாலி கட்டினான். தோட்டத்தில் மச்சானின் ஒயிலைக் குடித்த பம்போ நாதஸ்வரம் வாசித்தது.

எஞ்சினைத் திருத்தியபின் மிச்ச ஒயிலைக் கேட்டேன்.

"அது பம்புக்குத்தான். டின்னிலை கை வைச்சுப் பாருங்கோ!" என்றாள் மீனாம்பிகை.

வேறு வழியில்லாமல் தேநீர்க்கடையில் இந்தக் கதையைச் சொல்லி, காருக்கு இனி எந்த எண்ணெயை விடலாம் என்று கேட்டேன்.

"நல்லெண்ணெய்தான்," என்றார் கதிரவேலு அண்ணை.

"அதை உம்மடை தலையிலை வையும்! இலுப்பெண்ணெய்!" என்று பக்கத்திலிருந்த பஞ்சலிங்கம் எழும்ப, அவர்கள் இருந்த வாங்கு கவிழ்ந்தது.