ஆகாயத்தில் ஊற்றிய பெட்ரோல்

பொய் சொல்லும்படி யாரிடமாவது கெஞ்சியிருக்கிறீர்களா?

நான் கெஞ்சினேன். இரண்டு வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், தூத்துக்குடிக் கடற்கரை ரோட்டில், போகிற வருகிறவர்கள் எல்லாம் பார்க்க. "ஒரே ஒரு பொய், ஆசீர்வாதம்... சின்னப் பொய்... உம்ம மகளுக்காக!" மனிதர் அசையவில்லை. உப்பு மூட்டையைப் போல் உட்கார்ந்திருந்தார்.

கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. எழுதினாலாவது ஆறுகிறதா, பார்க்கலாம்.

துறைமுகத்துக்குப் போகிற வழியில் ஒரு காப்பி கிளப் இருக்கிறது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அங்கே மூன்று பேர் கூடுவார்கள். மூவரும் உலக யுத்தத்துக்குப் போய் முழுசாகத் திரும்பியவர்கள். பெரியதாழை கஸ்பார், ராணுவப் பெட்ரோல் டிப்போவில் பீப்பாய் உருட்டியவர். காயல்பட்டினம் மீரான், பர்மா எல்லையில் லாரி ஓட்டியவர். மூன்றாமவர்தான் ஆசீர்வாதம். சாத்தான்குளத்துக்காரர், விமானப் படையில் ஃபிட்டராக இருந்தார், இப்போது துறைமுகத்தில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வேலை. நான்காவதாக நான் — சண்டைக்கும் போகாமல், வீட்டிலும் இருக்க முடியாமல், காப்பிக்கு வருகிறவன்.

எதிரே கடல். வெயில் ஏற ஏற அது கரைகிறதா, காய்கிறதா என்று தெரியாமல் மினுங்கும். கொழும்புக்குப் புறப்படுகிற தோணியின் பாய் மெல்ல வயிறு புடைக்கும்... இந்த மூவரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். பேச்செல்லாம் விமானம். டகோட்டா, ஹரிக்கேன், என்ஜின், பெட்ரோல், குண்டு, புகை.

அந்தப் பெஞ்சுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் சொன்ன கதையை மற்றவர் பொய் என்று சொல்லக் கூடாது. வேண்டுமானால் அதைவிடப் பெரிதாக ஒன்று சொல்லிக்கொள்ளலாம். கஸ்பார் ஒரு விமானத்தைப் பனைமர உயரத்தில் பறக்கவிட்டால், மீரான் அதை இரண்டு பனைகளுக்கு நடுவே சாய்த்து நுழைத்து வெளியே எடுப்பார். நான் சிரிப்பேன். ஆனால், சண்டையில் பார்த்ததை எல்லாம் பார்த்தபடியே சொல்லிவிட முடியுமா? ஊதிப் பெரிதாக்கினால்தான் சில விஷயங்கள் தொண்டையைத் தாண்டி வருகின்றன போலும்.

ஆசீர்வாதம் மட்டும் வேறு ஜாதி. அவரிடம் இருந்தது ஒரே கதை. பயிற்சிக்காக அவரைச் சீமைக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒரு விமான மைதானத்தில் அண்ணாந்து பார்த்தாராம் — பறந்துகொண்டிருந்த ஒரு விமானத்துக்கு, இன்னொரு விமானம் பறந்தபடியே கம்பியும் குழாயும் விட்டுப் பெட்ரோல் ஊற்றியது. வாராவாரம் அதே கதை. ஒரு கம்பி கூடிவிடாது. ஒரு குழாய் குறையாது. கேட்டுக் கேட்டு எங்களுக்கே சலித்துவிட்டது.

இனி வினைக்கு வருகிறேன்.

ஆசீர்வாதத்தின் மகள் எஸ்தருக்கு நாசரேத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். பெண் பார்த்தாயிற்று, இருவருக்கும் பிடித்தும் விட்டது. எஸ்தர் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் பாடிக்கொண்டேதான் பாத்திரம் துலக்குகிறாள் என்றார் தகப்பனார். பாக்கி இருந்தது பையனுடைய பெரியப்பாவின் சம்மதம். ஞானமுத்து என்று பெயர், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். தகப்பன் இல்லாத பையனை எடுத்து வளர்த்தவர். அவர் தலையசைத்தால் கல்யாணம், இல்லாவிட்டால் இல்லை.

அவருக்கு ஒரு கொள்கை. பெண் வீட்டைப் பற்றிப் பெண் வீட்டில் விசாரிக்கக் கூடாதாம். பெண்ணின் தகப்பன் எங்கே காப்பி குடிக்கிறானோ, அங்கே விசாரிக்க வேண்டுமாம்.

வந்தார். கையில் குடை. வெள்ளைக் கோட்டு — பெட்ரோலுக்குப் பதில் கரி போட்டு ஓடுகிற பஸ்ஸில் வந்ததால் முக்கால்வாசி கறுப்புக் கோட்டு. ஆசீர்வாதம் எழுந்து நின்றார். "நீரு உக்காரும்" என்று அவரை அமர்த்திவிட்டு ஹெட்மாஸ்டர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"இவரு எப்படிப்பட்ட மனுஷன்? உள்ளதைச் சொல்லுங்க. எனக்குப் பொய் ஆகாது. பொய் பேசுத வீட்டுல நான் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்."

கஸ்பாரும் மீரானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நண்பனுக்கு உதவி செய்யத் துணிந்துவிட்டவனின் முகம் இருக்கிறதே... அதைவிட ஆபத்தான முகம் உலகத்தில் ஏது?

"சொல்லுதேன் கேளுங்க ஐயா," கஸ்பார் தொடங்கினார். "அஸ்ஸாம்ல ஒரு டகோட்டா. குண்டு பட்டு ரெக்கையில ஆளு நுழையுத அளவுக்கு ஓட்டை. வெள்ளைக்காரன் கையை விரிச்சிட்டான். நம்ம ஆசீர்வாதம் என்ன செஞ்சாரு? ஓலையை முடைஞ்சாரு, கருப்பட்டியைப் பாகு காய்ச்சுனாரு, வச்சு ஒட்டுனாரு பாருங்க... கல்கத்தா வரைக்கும் அசையலையே!"

அஸ்ஸாமில் கருப்பட்டி ஏது? ஹெட்மாஸ்டர் கேட்கவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாகு பதம் தப்பாம இறுகிட்டா கல்லுதான்! சிமெண்டு எதுக்கு?"

"இல்ல ஐயா, நான் வச்சது தகரம்—" என்றார் ஆசீர்வாதம்.

"அடக்கம்!" என்றார் ஹெட்மாஸ்டர்.

மீரான் விடுவாரா? "இதென்ன பெரிசு! விமானம் கெளம்புததுக்கு முந்தி இவரு அது மேல கையை வச்சு ஒரு ஜெபம் பண்ணுவாரு. இவரு ஜெபம் பண்ணி அனுப்புனது ஒண்ணுகூடத் திரும்பாம இருந்ததில்ல. ஒருநா இவருக்குப் பல்வலி, வாயத் தொறக்க முடியல. பெரிய தொரை விமானத்தையே எடுக்க மாட்டேன்னுட்டான்!"

ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, சத்தியமா அப்படியெல்லாம் இல்ல..."

"என்ன அடக்கம், என்ன அடக்கம்! சரி, நீரும் ஒண்ணு சொல்லும். உம்ம வாயால கேக்கணும்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அவரிடம் இருப்பது ஒன்றுதானே?

சொன்னார். மேலே ஒரு விமானம், கீழே ஒரு விமானம். கீழே பறப்பதன் வாலிலிருந்து ஒரு கம்பி தொங்கும். மேலே பறப்பது தூண்டில் போடுகிற மாதிரி ஒரு கயிற்றை எறிந்து அந்தக் கம்பியைப் பிடிக்கும். பிறகு கம்பியோடு ஒரு ரப்பர் குழாய் இறங்கிவரும். மேலிருப்பது கீழே இறங்குவது இயற்கைதானே? பெட்ரோல் தானாக வந்து நிறையும்...

குடை தரையில் விழுந்தது. ஹெட்மாஸ்டர் எழுந்துவிட்டார்.

"ஓடுத மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு மை போட முடியுமா, வே? பூமியில ஓடுத பஸ்ஸுக்கே பெட்ரோல் இல்லாமக் கரியப் போட்டு ஓட்டுதான். ஆத்தூர்ல நானே எறங்கித் தள்ளிட்டு வாரேன். ஆகாயத்துல பெட்ரோல் ஊத்துனானாம்லா!"

கஸ்பார் பாய்ந்தார். "ஐயா, முத்துக் குளிக்குதவனைப் பாருங்க. அவன் கடலுக்கு அடியில கெடக்கான். மேல தோணியில ஒருத்தன் கயிறு பிடிக்கான். அது மாதிரிதான்—"

"கயித்து வழியா காப்பியா ஊத்துதான்?"

கஸ்பார் உட்கார்ந்துவிட்டார். ஹெட்மாஸ்டர் என்னைப் பிடித்தார். "நீங்க படிச்சவர் மாதிரி இருக்கீங்க. இது நெசமா?"

"நிஜம்தான்" என்றேன்.

"நீங்க பாத்தீங்களா?"

"இல்லை."

"என்ன தொழில்?"

"பத்திரிகையில் எழுதுகிறேன்."

அதோடு என் சாட்சியம் முடிந்தது.

ஹெட்மாஸ்டர் கொஞ்சம் தணிந்தார். எஸ்தரை அவருக்கும் பிடித்திருந்தது, பாவம். "ஆசீர்வாதம், நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்ல. விளையாட்டாச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லும். இப்பவே நிச்சயத்துக்கு நாள் குறிச்சிருவோம்."

எவ்வளவு சுலபம்! ஒரே வார்த்தை. அப்போதுதான் நான் கெஞ்சினேன். கஸ்பாரும் கெஞ்சினார்: "ஏலே, பிள்ளைக்குக் கல்யாணம்லே! சொல்லித் தொலையேன்!" மீரான் ஆசீர்வாதத்தின் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

ஆசீர்வாதத்தின் நெற்றியில் வியர்வை ஓடியது. உதடு துடித்தது. சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"பாத்தேன் ஐயா" என்றார். "பாத்ததை எப்படி ஐயா பாக்கலைன்னு சொல்லட்டும்?"

ஹெட்மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எரிச்சலில் அந்த வாரம் எனக்கு ஒரு வரி ஓடவில்லை. கருப்பட்டி ஒட்டிய விமானத்தை நம்புகிறார்; பல்வலியால் நின்றுபோன விமானத்தை நம்புகிறார்; உண்மையாக நடந்ததைக் கேட்டால் குடையைக் கீழே போடுகிறார்! ஏன்? யோசித்துப் பார்த்தேன். பொய்க்கு மரியாதை தெரியும். கேட்பவர் யார், எந்த ஊர், எதைச் சொன்னால் குளிர்வார் என்று பார்த்து, அதற்கேற்ற உடுப்பை உடுத்திக்கொண்டு வரும். உண்மை — குளிக்காமல், தலை சீவாமல், வந்த கோலத்தில் கூடத்தில் வந்து நிற்கும். அதை யார் வீட்டுக்குள் சேர்ப்பார்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை கஸ்பார், மீரான், நான் மூவருமாக ஆசீர்வாதத்துக்குப் புத்தி சொல்ல அவர் வீட்டுக்குப் போனோம். எஸ்தர் காப்பி கொண்டுவந்தாள். அடுக்களையில் பாட்டு இல்லை.

"நீயாவது அப்பாகிட்ட சொல்லேன், அம்மா" என்றேன்.

"அவங்க பாத்திருக்காங்களே, நான் என்னத்தச் சொல்ல?" என்றாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. டம்ளர்தான் தட்டில் கிணுகிணுத்தது.

அந்த நேரம் வாசலில் செருப்புச் சத்தம். ஹெட்மாஸ்டர்! கையில் ஒரு துணிப்பை.

"வாரம் பூரா யோசிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தார். "நல்ல இடத்தைக் கைவிட்டாலும் விடுவேன், சொன்ன சொல்லை விடமாட்டேன்னு இவரு நின்னாரு. இவரு பொய் சொல்லுத ஆளு இல்ல. ஆனா இவரு சொல்லுதது நடக்குத காரியமும் இல்ல. அப்ப என்னவா இருக்கும்? ஆசீர்வாதம், பட்டாளத்துல உமக்கு மலேரியா வந்துதா?"

"வந்துது ஐயா. அஸ்ஸாம்ல." இந்த மனிதருக்கு உண்மையைத் தவிர வேறொன்றுமே வராதா?

"அதான்!" ஹெட்மாஸ்டர் தொடையில் தட்டினார். "குளிர் காய்ச்சல் மூளைக்கு ஏறுனா ரெண்டு ரெண்டாத் தெரியும். ஒரு விமானத்தைப் பாத்திருக்காரு, ரெண்டாத் தெரிஞ்சிருக்கு. நடுவுல குழாயும் தெரிஞ்சிருக்கு! இது குத்தம் இல்லய்யா, வியாதி. குணமாக்கிப்புடலாம்."

பையிலிருந்து எடுத்து வைத்தார் — வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், மலேரியாவுக்குக் கொடுக்கிற கொயினா மிக்சர் ஒரு புட்டி.

ஆசீர்வாதத்தின் முகம் செங்கல்லாய்ச் சிவந்தது. பொய்யன் என்றாலாவது சண்டைக்குப் போகலாம். நோயாளி என்றால் என்ன செய்வது? வாயைத் திறந்தார். விமானத்தைப் பார்த்தது சீமையில், அங்கே தனக்குத் தும்மல்கூட வரவில்லை என்று சொல்லப்போகிறார் — எனக்குத் தெரிந்துவிட்டது. தொலைந்தது கல்யாணம், இரண்டாவது தடவை!

எஸ்தர் முந்திக்கொண்டாள். புட்டியை எடுத்தாள். தகப்பனாரின் காப்பி டம்ளரைக் கழுவிக்கொண்டு வந்தாள். மருந்தை ஊற்றி அவர் முன்னால் நீட்டினாள். அந்தக் கண்... பாய் விரித்த தோணி கயிறு அவிழக் காத்திருப்பதைப் போல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றது.

திறந்த வாயை ஆசீர்வாதம் மூடவில்லை. டம்ளரை வாங்கி, ஒரே மடக்கில் குடித்தார். கசப்பில் உடம்பு ஒரு குலுங்கு குலுங்கியது.

"சபாஷ்!" என்றார் ஹெட்மாஸ்டர். "தாம்பூலத் தட்டு எங்க?"

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வரும்போது கஸ்பாருக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, ஒரு வார்த்தை பொய் சொல்ல மாட்டேன்னு அந்தப் பாடு படுத்துன! இப்ப மட்டும் எப்படிக் குடிச்ச?"

ஆசீர்வாதம் ரோட்டோரம் துப்பினார்.

"அவரு மருந்து குடிக்கச் சொன்னாரு, குடிச்சேன். குடிச்சது நெசந்தானே வே?"

கல்யாணம் அடுத்த மாதம். வருகிற வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம்: பந்தலில் மாப்பிள்ளையின் பெரியப்பா காதுபட, தயவுசெய்து உண்மை எதையும் பேசிவிடாதீர்கள்.